எடையில்லாத் தூண்டிலும் கணக்கில் வராத ஓடைகளும்

புது தில்லி: இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில் குஷைனி என்றொரு சிற்றூர். அங்கே பலாச்சன் என்னும் ஓடை திர்த்தன் ஆற்றில் வந்து கலக்கிறது. இத்தகைய ஓடைகளை அம்மலைவாழ் மக்கள் 'நாலா' என்பர். குளிர்காலத்தில் கல்லுக்குக் கல் தாவியே கடந்துவிடக் கூடிய நாலாக்கள் அப்பகுதியின் சரிவுகளில் எத்தனையோ உண்டு. பனி உருகி வரும் நீர், தேவதாரு நிழல், பாறைக்குப் பாறை ஒரு சிறு மடு. அம்மடுக்களில் ஒரு சாண் நீளமே உள்ள டிரவுட் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து நின்றபடி இரைக்காகக் காத்திருக்கின்றன.

இந்த மீனை இந்த ஓடையில் பிடிப்பதற்கென்றே ஒரு தனிக் கருவி உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. ஆறு அல்லது ஏழு அடி நீளம், அறுபது எழுபது கிராம் எடை, கையில் எடுத்தால் பென்சிலைப் பிடித்தது போன்ற உணர்வு. தில்லியிலிருந்து சுமார் 500 கி.மீ. பயணம் செய்து பஞ்சார் பள்ளத்தாக்குக்குச் செல்லும் தூண்டில் ஆர்வலர்களின் முதுகுப் பைகளிலும் இந்த மிக இலேசான கோல் இடம்பிடித்து வருகிறது. பொழுதுபோக்குப் பக்கத்துக்குரிய செய்தி என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் எந்த ஓடை இவ்வளவு மெல்லிய கோலுக்குப் போதுமானதோ, அதே ஓடைதான் நமது சுற்றுச்சூழல் விதிகளின் கணக்கில் வராத ஓடையாகவும் இருக்கிறது. நாடாளுமன்றச் செய்திகளைத் தொடர்ந்து எழுதிவரும் எவரும் இந்தப் பொருத்தத்தைக் கவனிக்காமல் கடந்து செல்ல முடியாது.

நூல்தான் எடை: நம் ஊர்க் குளக்கரையில் தூண்டில் போடுபவர் மூங்கில் கழியின் நுனியில் தங்கூசி கட்டி, தக்கையும் ஈயக்குண்டும் கோத்து, முள்ளில் மண்புழுவைச் செருகி வீசுகிறார். தூண்டிலைத் தூரத்துக்குக் கொண்டு செல்வது ஈயக்குண்டின் எடை. டிரவுட்டுக்கான இந்த முறையில் குண்டும் இல்லை, புழுவும் இல்லை. சிறு முள்ளின் மீது பறவை இறகும் மயிரும் வைத்துக் கட்டிய போலி ஈ மட்டுமே உண்டு. அதற்கு எடையென்று சொல்ல எதுவுமில்லை. ஆகவே நூலையே கனமாகச் செய்து, அந்த நூலை வீசுகின்றனர். ஈ அதன் வால் பிடித்துச் செல்கிறது. நூலுக்கும் ஈக்கும் இடையே சில அடி நீளத்துக்கு, நுனி நோக்கி மெலிந்து செல்லும் தங்கூசி இருக்கும். மீனின் கண்ணுக்கு அது எளிதில் புலப்படுவதில்லை.

இதனால் தூண்டிற்கோலை அது வீசும் நூலின் எடையைக் கொண்டே வகைப்படுத்துகின்றனர். நூலின் முதல் 30 அடி எத்தனை கிரெயின் எடை என்பதே அளவுகோல். பெரிய ஆறுகளில் பரவலாகப் பயன்படும் 5-ஆம் எண் நூல் 140 கிரெயின். அதாவது ஏறத்தாழ 9 கிராம். மூன்றாம் எண் நூல் 100 கிரெயின், ஆறரை கிராம். இரண்டாம் எண் 80, முதலாம் எண் 60 கிரெயின். கடைசியாகச் சொன்னது 4 கிராமுக்கும் குறைவு. மூன்றும் அதற்குக் கீழும் உள்ளவற்றையே மிக இலேசான கோல்கள் எனப் பொதுவாகக் குறிப்பிடுகின்றனர். இப்போது பூஜ்யத்துக்கும் கீழே எண்ணிட்ட கோல்கள் விற்பனைக்கு வருகின்றன. வணிகர்களின் ஆர்வம் மீன்களின் தேவையை மிஞ்சிவிட்டது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

இவ்வளவு மென்மை எதற்கு? டிரவுட் கூர்மையான பார்வையுடையது. தெளிந்த ஆழமற்ற நீரில் ஒரு நிழல் விழுந்தாலும், கனத்த நூல் சப்தத்துடன் நீரில் படிந்தாலும், மடுவிலுள்ள மீன்கள் அத்தனையும் பாறைக்கடியில் மறைந்துவிடும். பிறகு அரை மணி நேரத்துக்கு அங்கே வேலையில்லை. மீன் மேல்நோக்கி, அதாவது நீர் வரும் திசையை நோக்கி நிற்பதால், பிடிப்பவர் கீழிருந்து மேலாக, முதுகை வளைத்து ஊர்ந்து செல்ல வேண்டும். வீசும் தூரம் பதினைந்து, இருபது அடிக்குமேல் போகாது. அந்தத் தூரத்தில் கனமான கோல் வளையவே வளையாது. மெல்லிய கோலோ கையளவு நூலின் எடைக்கே வளைந்து கொடுக்கும். கிளைகள் தலைக்குமேல் கூடாரம் போல் கவிந்திருக்கும் இடத்தில் பின்னுக்கு வீச வழியில்லை. முள்ளின் வளைவை விரல்களுக்கிடையே பிடித்து, கோலை வில்போல் வளைத்து, அம்பு விடுவதுபோல் ஈயைச் செலுத்துகின்றனர். இதில் முள் விரலில் ஏறாமல் பார்த்துக் கொள்வதே முதற்பாடம்.

மெல்லிய கோல் எல்லா இடத்துக்கும் ஏற்றதல்ல. திர்த்தனின் பெரிய மடுக்களில், பனிநீர் பெருகி ஓடும் மே, ஜூன் மாதங்களில் ஒரு கிலோ எடையுள்ள மீனை இரண்டாம் எண் கோலால் இழுத்துப் போராடுவதைத் திறமை என்று சிலர் பெருமை பேசுகின்றனர். அது மீனுக்குக் கொடுமை. நெடுநேரம் போராடிய மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்ந்துவிடும். நீரும் வெதுவெதுப்பாக இருந்தால் அதில் கரைந்துள்ள பிராணவாயு குறைவு; திரும்ப விடப்பட்ட மீன் நீந்திச் செல்வதுபோல் தோன்றினாலும் பிழைக்காமல் போகலாம். பிடித்து விடுவது என்று முடிவு செய்தவர் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் கூரைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். கையை நனைத்துக்கொண்ட பிறகே மீனைத் தொட வேண்டும். ஒரு சாண் மீனுக்கு ஒரு சாண் மீனுக்குரிய கோல். அதற்குமேல் மீனுக்கும் ஆற்றுக்கும் தக்கபடி கோலும் பெருக வேண்டும்.

கடல் கடந்து வந்த மீன்: டிரவுட் இமயமலையின் மீனன்று. ஸ்காட்லாந்திலிருந்து பழுப்பு டிரவுட்டின் முட்டைகள் பனிக்கட்டிகளுக்கிடையே வைத்துக் கப்பலில் காஷ்மீருக்குக் கொண்டு வரப்பட்டன. முதல் முயற்சி வழியிலேயே வீணாகி, 1900-இல் மறு முயற்சி பலித்தது. ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்திவந்த எப்.ஜே. மிட்செல் இதில் முன்னின்றார். ஹர்வான் பொரிப்பகம் அப்படி உருவானது. காஷ்மீரிலிருந்து குலுவுக்கு இம்மீனைக் கொண்டு சேர்த்தவர் அங்கு அதிகாரியாக இருந்த ஜி.சி.எல். ஹோவெல், ஆண்டு 1909. பியாஸ், திர்த்தன், சைஞ்ச், உல் ஆகிய ஆறுகளிலும் அவற்றின் கிளை ஓடைகளிலும் மீன் தானே பெருகிற்று.

தமிழ் வாசகர்களுக்கு இக்கதை புதிதல்ல. நீலகிரியில் டிரவுட்டை வாழவைக்க 1860-களிலேயே பிரான்சிஸ் டே முயன்றார். அது கைகூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் எச்.சி. வில்சனின் உழைப்பால் வானவில் டிரவுட் அங்கு நிலைபெற்றது. அவலாஞ்சிப் பொரிப்பகம் அதன் நினைவுச் சின்னம். உதகை வாசிகளுக்கு டிரவுட் என்பது அயல் பெயராகவே தோன்றாது.

அந்த அயல் என்ற சொல்தான் இப்போது சட்டத்தில் ஏறியுள்ளது. வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்த மசோதாவை 2022 ஆகஸ்டில் மக்களவையும், டிசம்பரில் மாநிலங்களவையும் நிறைவேற்றின. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அவை விவாதங்களில் யானைகளைப் பற்றிய ஷரத்தே பெரிதாகப் பேசப்பட்டது. அதே சட்டத்தில், இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாத, பரவினால் இங்குள்ள உயிரினங்களுக்கோ அவற்றின் வாழிடத்துக்கோ கேடு விளைவிக்கக் கூடிய இனங்களின் இறக்குமதி, வணிகம், உடைமை, பெருக்கம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தவோ தடை செய்யவோ மத்திய அரசுக்கு அதிகாரம் வழங்கும் 62-ஏ பிரிவு அதிக ஓசையின்றி இடம்பெற்றது. பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் இரண்டுமே உலகின் மிகக் கேடான நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் உள்ளவை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தயாரித்த பட்டியல் அது.

கேடு கற்பனையானதன்று. இமயமலை ஓடைகளின் சொந்த மீன், ஆங்கிலேயர் 'ஸ்னோ டிரவுட்' என்று பெயரிட்ட இனம். பெயரில்தான் டிரவுட், குலத்தால் அது கெண்டை வகை. பாறைமேல் படிந்த பாசியை மேய்ந்து வாழும் சாது. அதன் ஒரு முக்கிய இனத்தை மேற்கண்ட ஒன்றியம் அழிவாய்ப்புள்ளதாக வகைப்படுத்தியுள்ளது. டிரவுட்டோ ஊன் உண்ணி. சிறு மீன் கிடைத்தால் விடாது. எனவே, டிரவுட் ஓடையைக் காக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், யாருடைய ஓடையை யாருக்காக என்று கேட்க நியாயம் உண்டு.

மறுபுறம், இதே மத்திய அரசு 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ், மலை மாநிலங்களில் டிரவுட் வளர்ப்புக்கு மானியம் வழங்குகிறது. ஓர் அமைச்சகம் வளர்க்கச் சொல்லும் மீனை இன்னோர் அமைச்சகம் ஒரே அறிவிக்கையில் தடை செய்யும் அதிகாரம் பெற்றிருக்கிறது. பண்ணைத் தொட்டியில் அடைத்து வளர்க்கும் வானவில் டிரவுட்டையும், நூறாண்டுக்கு மேலாக ஓடையில் தானே பெருகி வரும் பழுப்பு டிரவுட்டையும் சட்டம் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

என் பார்வையில், இவ்விவாதத்தில் இரு மீன்களுக்கும் பொதுவான எதிரி மறைந்துபோகிறது. அது ஓடையில் நீர் இல்லாமை.

25 மெகாவாட் கோடு: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு குறித்த மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, 25 மெகாவாட்டுக்குக் குறைவான நீர்மின் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை. வன நிலம் வேண்டுமானால் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஓடையில் என்ன வாழ்கிறது, நீரைத் திருப்பினால் அவற்றுக்கு என்ன ஆகும், கீழே உள்ளவர்களின் வாய்க்காலும் ஆட்டுக்கல் போன்ற நீர் மில்லும் என்ன ஆகும் என்று மதிப்பீடு செய்யும் கட்டாயம் இல்லை. பொது விசாரணையும் இல்லை. பெரிய ஆற்றில் பெரிய அணை கட்டுபவர் தடித்த அறிக்கைகளைச் சமர்ப்பிக்கிறார். நாலாவில் கட்டுபவருக்கு அந்தத் தொல்லை கிடையாது. அளவில் சிறியது ஆகையால் தீங்கற்றது என்பது இவ்விதியின் அடிப்படை எண்ணம்.

சிறு திட்டம் எவ்வாறு இயங்குகிறது என்று பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது. ஓடையின் மேற்பகுதியில் தாழ்வான ஒரு தடுப்பு. அங்கிருந்து நீரைக் கால்வாயிலோ சுரங்கத்திலோ மலைச்சரிவு ஓரமாகச் சில கிலோ மீட்டர் கொண்டு சென்று, செங்குத்தான இரும்புக் குழாயில் இறக்கி, டர்பைனைச் சுழற்றிய பிறகு மீண்டும் ஓடையில் விடுகின்றனர். நீர் வீணாவதில்லை, தேங்குவதில்லை என்பது திட்டக்காரர்களின் வாதம். சரிதான். தடுப்புக்கும் மின் நிலையத்துக்கும் இடையே உள்ள தூரத்தில் ஓடை இருக்காது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

இதற்கு மாற்றாக, வறள் காலத்து நீரோட்டத்தில் 15 சதவீதத்தையாவது ஓடையில் விட வேண்டும் என்று இமாசல அரசு விதி வகுத்தது. நாட்டின் எல்லா ஆறுகளிலும் வறள் காலச் சராசரி ஓட்டத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் உத்தரவிட்டது. சட்லெஜில் 15 சதவீதம் என்றால் அது ஓர் ஆறு. விநாடிக்கு ஆயிரம் லிட்டர் ஓடும் நாலாவில் 15 சதவீதம் என்றால் 150 லிட்டர். பத்தடி அகலத்தில் கற்களுக்கிடையே பரவினால் கணுக்கால் நனையும். அதில் மடு நிற்காது. மடு இல்லாத இடத்தில் மீன் இல்லை.

காலக்கணக்கு இதைவிட மோசம். பழுப்பு டிரவுட் நவம்பர், டிசம்பரில் ஓடைகளில் மேலேறிச் சென்று, வாலால் கூழாங்கற்களைப் பறித்துக் குழியாக்கி முட்டையிடுகிறது. குளிர்ந்த நீரில் அவை பொரிக்க இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதனால்தான் இமாசலத்தில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை டிரவுட் பிடிக்கத் தடை. மீறினால் அபராதம். ஆனால் ஆண்டிலேயே நீர் மிகக் குறைந்து ஓடுவதும் அந்த மாதங்களில்தான். ஓடையின் நீரில் மிகப் பெரும் பங்கை மின் குழாய் இழுத்துக்கொள்வதும் அப்போதுதான். தூண்டிலுக்கு நான்கு மாத விடுமுறை உண்டு. டர்பைனுக்கு அவ்வாறு விடுமுறை கேட்டவர் எவருமில்லை.

திர்த்தன் தப்பிய கதை: திர்த்தன் பள்ளத்தாக்கில் இவ்விஷயம் வேறு விதமாக முடிந்தது. இவ்வாற்றிலும் கிளைகளிலும் ஒன்பது சிறு நீர்மின் திட்டங்கள் உத்தேசிக்கப்பட்டிருந்தன. முன்னாள் எம்.எல்.ஏ. திலாராம் ஷபாப் தலைமையில் ஊர் மக்கள் எதிர்த்தனர். உயர் நீதிமன்றத்தையும் அணுகினர். 2000-களின் முதற்பாதியில் திட்டங்கள் கைவிடப்பட்டன. அதன் பயனை இன்று கண்ணால் காணலாம். பஞ்சாரிலிருந்து குஷைனி வரை சாலையோரமெங்கும் விருந்தினர் இல்லங்கள். தூண்டில் போட வருவோரும், ஆற்றை வெறுமனே பார்க்க வருவோரும் அவற்றை நிரப்புகின்றனர். ஆற்றின் ஊற்றுப் பகுதியை உள்ளடக்கிய கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவை யுனெஸ்கோ 2014-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பக்கத்துப் பள்ளத்தாக்கான சைஞ்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பார்வதி மூன்றாம் கட்டம் 520 மெகாவாட், சைஞ்ச் திட்டம் 100 மெகாவாட், இறுதியாகப் பார்வதி ஆற்றையே சுரங்கம் வழியே திருப்பிக் கொண்டுவரும் 800 மெகாவாட் இரண்டாம் கட்டம். சைஞ்ச் ஒரு காலத்தில் டிரவுட்டுக்குப் பெயர் பெற்ற ஆறு. இரு ஆறுகளும் லார்ஜியில் அருகருகே பியாஸைச் சேர்கின்றன. அங்கே நின்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எந்த அறிக்கையையும்விடத் தெளிவானது.

மின்சாரமும் மீனும் ஒருசேர இருக்கவே முடியாது என்று சொல்வது நேர்மையாகாது. மண்டி மாவட்டத்தின் பரோட்டில் உல் ஆற்று நீரைத் திருப்பி ஷானன் மின் நிலையம் 1930-களிலிருந்து இயங்கி வருகிறது. பரோட்டில் டிரவுட் பண்ணையும் உண்டு. மேலே உல் ஆற்றில் மீனும் உண்டு. (இந்த நிலையத்தின் 99 ஆண்டுக் குத்தகை 2024 மார்ச்சில் முடிந்ததும், உரிமை யாருக்கு என்று பஞ்சாபும் இமாசலமும் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. நீர் யாருக்கு என்ற கேள்வி எழும்போதெல்லாம் மீன் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படுவதில்லை.) இமாசலத்தின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. தொழிற்சாலைகள் குறைவு, கடன் அதிகம். 27 ஆயிரம் மெகாவாட் வரை கிடைக்கக் கூடிய நீர்வளம்தான் அம்மாநிலத்தின் நிலக்கரி. எந்த முதல்வரும் அதை விட்டுக்கொடுக்க மாட்டார். விட்டுக்கொடுக்கச் சொல்லவும் தேவையில்லை. எந்த ஓடை, எந்த மாதம், எவ்வளவு நீர் என்று முன்கூட்டியே கணக்கிட்டால் போதும். அந்தக் கணக்குதான் 25 மெகாவாட் கோட்டுக்குக் கீழே கேட்கப்படுவதில்லை.

ஓடையில் இறங்கி நிற்பவரின் உயிரும் இதில் அடங்கியுள்ளது. 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திடீரெனத் திறந்துவிடப்பட்ட நீரில், தலோட் அருகே ஆற்றுக்குள் நின்றிருந்த ஐதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டனர். 2023 ஜூலை வெள்ளத்தில் அதே லார்ஜி மின் நிலையமே சேற்றில் மூழ்கியது. 2025 ஜூன் 25 அன்று சைஞ்சில் ஜீவா நாலா பெருக்கெடுத்தது. அதற்கடுத்த மாதம், இதே போக்கு நீடித்தால் இமாசலம் நாட்டின் வரைபடத்திலிருந்தே மறைந்துவிடக் கூடும் என்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. டிரவுட் பிடிப்பவர்கள் இதைத் தங்கள் வழியில் அறிந்தே வைத்துள்ளனர்: நீரின் நிறம் மாறினாலோ, இலைச்சருகுகள் திடீரெனக் கூட்டமாக மிதந்து வந்தாலோ, கோலைப் போட்டுவிட்டாவது கரையேறிவிட வேண்டும்.

இவ்விஷயத்தை நாடாளுமன்றத்தில் எழுப்ப விரும்பும் உறுப்பினர் யாரிடம் கேள்வி கேட்பார் என்பதே முதற்சிக்கல். மீன்வளம் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 21-ஆவது இனம். நீர், 17-ஆவது இனம். காடும் வன உயிரினமும் பொதுப் பட்டியலில். மின்சாரமும் அதில்தான். 25 மெகாவாட் வரையிலான நீர்மின் திட்டங்கள் மரபுசாரா எரிசக்தித் துறைக்கு, அதற்கு மேற்பட்டவை மின்துறைக்கு. கேள்வி எந்த அமைச்சகத்துக்குப் போனாலும் இன்னொன்றைக் கைகாட்ட இடமுண்டு. நாலாவின் மடுவில் நிற்கும் மீன் இவை அனைத்திலும் ஒரே நேரத்தில் இருக்கிறது.

திர்த்தனுக்குச் செல்ல விரும்புவோர் மீன்வளத் துறையின் உரிமச் சீட்டைப் பெற்றுக்கொள்வது கட்டாயம். ஒரு நாளுக்கென வழங்கப்படும் சீட்டுக்குக் கட்டணம் அதிகமில்லை. எத்தனை மீன், எவ்வளவு நீளம் என்ற வரம்புகள் உண்டு. பனிநீர் பெருகுமுன் மார்ச், ஏப்ரலும், மழை ஓய்ந்து நீர் தெளியும் செப்டம்பர் பிற்பகுதியும் அக்டோபரும் நல்ல காலம். ஆற்றுக்கு நான்கு அல்லது ஐந்தாம் எண் கோல், நாலாவுக்கு இரண்டு அல்லது மூன்று. அக்டோபர் கடைசி வாரத்தில் செல்பவர்கள் நாலாக்களில் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும். சுற்றியுள்ள கற்கள் பாசி படிந்து கறுத்திருக்க, ஒரு முழ அகலத்துக்கு மட்டும் கூழாங்கற்கள் கழுவிவிட்டதுபோல் வெளுத்துத் தெரிந்தால், அங்கே ஒரு மீன் முட்டையிட இடம் பார்த்திருக்கிறது.